தட்டில் காய்ந்துபோன டீசல்

காலனிக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கும் தலைமை வேதியியலாளரே, நீங்கள் எழுதியது தவறு. தெரியாமல் எழுதியிருந்தால் அந்த நாற்காலிக்கு நீங்கள் லாயக்கில்லை. தெரிந்தே எழுதியிருந்தால் அது இன்னும் மோசம்.

உங்கள் காகிதம் வந்த மறுநாள் தண்ணீர் லாரி நின்றுவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தக் காலனி. நாற்பது வீடு. எல்லாம் கூலிக்குப் போகிற சனம். தண்ணீருக்கு ஒரே கிணறு. கிணற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், மேட்டில், ஒரு லாரி ஷெட். அங்கே தரைக்கடியில் தொட்டி புதைத்து டீசல் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நாறுகிறது என்று சனங்கள் மனு கொடுத்தார்கள். ஆய்வு முடியும் வரைக்கும் என்று லாரியில் தண்ணீர் விட்டார்கள். ‘எண்ணெய் கண்டறியப்படவில்லை’ என்று நீங்கள் எழுதினீர்கள். லாரி நின்றது. இப்போது அந்த நாற்பது வீடும் அந்தக் கிணற்றைத்தான் குடிக்கிறது.

என் பெயர் அஞ்சலை. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவ வந்து, ஆய்வக உதவியாளராக ஓய்வு பெற்றவள். படிப்பு பத்தாவது. பட்டம் கிடையாது. ஆனால் தண்ணீரில் எண்ணெய் பார்க்கிற ஒரு வேலையை மட்டும் இருபத்தெட்டு வருடம் என் கையால் செய்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் பெண்கள், “அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்று ரொம்ப நாளாகக் கேட்டார்கள். எனக்கு எழுத வராது என்று தட்டிக்கழித்தேன். இப்போது கோபம் வந்திருக்கிறது. எழுத வருகிறது.

ஆய்வுக்கூடம் கள்ளக்குறிச்சியில் வந்ததே சர்க்கரை ஆலைகளால்தான். கரும்பு பிழிகிற உருளைகளுக்கு விடும் மசகெண்ணெய் கழிவுநீரில் கலந்து வாய்க்காலுக்கு வரும். அது எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதற்காக ஒரு ஐ.ஆர். மெஷின் வாங்கினார்கள். அகச்சிவப்புக் கதிரை அனுப்பிப் பார்க்கும் மெஷின். ஒரு பீரோவைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். அதன் அறைக்கு மட்டும் ஏ.சி. எங்களுக்கு மின்விசிறிகூட இல்லாத காலம் அது.

முதல் இரண்டு வருடம் பாட்டில் கழுவினேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை. சோப்பு, குழாய்த் தண்ணீர், வாலை வடித்த தண்ணீர், கடைசியில் எண்ணெயைக் கரைக்கிற கார்பன் டெட்ரா என்ற திரவம். கை வெடித்துப்போகும். அவ்வளவுதான்.

மெஷினுக்குப் பொறுப்பு ஜெயசீலி மேடம். என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று குத்தும். தினமும் காலையில் அந்த அறை வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் தலையையும் மோந்து பார்ப்பார். நான் சொல்வது நிஜம். முதல் நாள் என்னை நிறுத்தினார்.

“தலையில இன்னா?”

“எண்ணெய்ங்க.”

“இன்னா எண்ணெய்?”

“தேங்கா எண்ணெய்ங்க மேடம்.”

“போய் சீயக்கா போட்டு அலசிக்கினு வா. உன் தலைய அளக்க அரசாங்கம் மெஷின் வாங்கல.”

எனக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. அலசிவிட்டு ஈரத் தலையோடு வந்தேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. முடியில் எண்ணெய் தடவியிருந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டார். அவள் விரலால் தன் வகிட்டைத் தொடச் சொன்னார். அதே விரலால் ஒரு சுத்தமான பாட்டில் மூடியின் அடியைத் தொடச் சொன்னார். மூடியைக் கார்பன் டெட்ராவில் கழுவி, அந்தத் திரவத்தை மெஷினில் வைத்தார். சார்ட் பேப்பரில் பேனா கிடுகிடுவென்று ஓடி ஒரு பள்ளம் போட்டது. ஆலைக் கழிவுநீரில் வருகிற அளவுக்குப் பள்ளம்.

“இப்ப இந்தத் தண்ணி எந்த ஆலைத் தண்ணி?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகிற நாளில் நான் எண்ணெய் வைத்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் சொந்தக்காரிகள், “இன்னாடி அஞ்சல, தல காஞ்ச பனமட்ட மாரி இருக்குது, உன் வூட்டுக்காரரு எண்ணெய் வாங்கித் தர்றதில்லியா?” என்று கேட்பார்கள். “அவர் வாங்கித் தர்றாரு, மேடம்தான் வுட மாட்டேங்கறாங்க” என்பேன்.

அந்த முறையை இங்கே எழுதியாக வேண்டும். தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

கண்ணாடி பாட்டில்தான். பிளாஸ்டிக் கூடாது. எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் திரும்ப வராது. மற்ற சோதனைக்கெல்லாம் எடுக்கிற தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசச் சொல்வார்கள். எண்ணெய்க்கு அலசக் கூடாது. வழிய ரொப்பக் கூடாது. எண்ணெய் மேலே மிதக்கிற சாமான். வழிந்தால் அதுதான் முதலில் வழியும். கழுத்துக்குக் கீழே நிறுத்தி, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று வெளியே கோடு போட வேண்டும். கொஞ்சம் அமிலம் விட வேண்டும், கிருமி எண்ணெயைத் தின்னாமல் இருக்க.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் முழு பாட்டிலையும் அடியில் குழாய் வைத்த பிரிபுனலில் ஊற்ற வேண்டும். பாதி எடுத்துப் பாதி வைக்கிற கதையே கிடையாது. காலி பாட்டிலின் சுவரில் எண்ணெய் ஒட்டியிருக்கும். அதைக் கார்பன் டெட்ராவால் கழுவி அதையும் புனலில் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் குலுக்கி, நடுநடுவே குழாயைத் திறந்து காற்றை விட வேண்டும். வைத்துவிட்டால் கார்பன் டெட்ரா எண்ணெயை இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். அதை மட்டும் இறக்கி எடுக்க வேண்டும். இப்படி மூன்று முறை. சோடியம் சல்பேட் வழியாக வடித்து ஈரத்தை எடுத்துவிட்டு, செல் என்கிற சின்னக் குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றி மெஷினில் வைக்க வேண்டும்.

எண்ணெய்க்கு ஒரு குணம். அகச்சிவப்புக் கதிரில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அது விழுங்கும். கார்பன் டெட்ரா அந்த இடத்தை விழுங்காது. ஆகவே அங்கே எவ்வளவு கதிர் காணாமல் போகிறதோ அவ்வளவு எண்ணெய். டீசல் என்றாலும் சரி, கிரீஸ் என்றாலும் சரி, தேங்காய் எண்ணெய் என்றாலும் சரி. மேடம் பிளேடால் பென்சிலை ஊசி மாதிரி சீவி, பள்ளத்தின் இரண்டு கரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பார். அந்தக் கோட்டிலிருந்து ஆழத்தை அளப்பார். கோடு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அழித்துத் திரும்பப் போடுவார். நான் கோடு போட ஆரம்பித்த வருடம் ஒரே தாளில் எட்டு முறை அழித்து, தாள் ஓட்டை விழுந்தது. “இப்ப கதிரு நேரா உள்ள போவும், மெஷினே வேணாம்” என்றார்.

இப்போது அந்தக் காலனிக்கு வருகிறேன். அந்தக் கிணறு முதல் தடவை நாறினது இப்போதல்ல. நான் வேலையில் ஊன்றிப்போன சமயம், கல்வராயன் மலைக்குச் சாலை போடும் கான்ட்ராக்டர் ஒருவர், காலனிக்கு மேலே கேம்ப் போட்டிருந்தார். ரோடு ரோலர், டிப்பர், டீசல் தொட்டி எல்லாம் அங்கே. மழைக்குப் பிறகு கிணறு நாற ஆரம்பித்தது. கேம்ப் சூப்பர்வைசர், அதெல்லாம் எங்களால் இல்லை என்றார். வருவாய் ஆய்வாளர், அவரை எல்லோரும் ஆர்.ஐ. என்பார்கள், ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார். எண்ணெய் இருந்தால் லாரித் தண்ணீர் தர வேண்டும், தொட்டியைத் தோண்டியெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலனியின் குடிதண்ணீர் எங்கள் பாட்டிலில் இருந்தது.

தண்ணீர் எடுக்க நான் போனேன். கிணற்றடியில் பச்சையம்மா நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கரும்பு வெட்டுகிறவள். மனுவில் முதல் கைநாட்டு அவளுடையது.

“வாம்மா பாட்டிலு. குடிச்சிப் பாத்தாலே தெரியுது, இதுக்கு மெஷினு வேற.”

“மெஷின் சொன்னாத்தான் லாரி வரும்.”

“அப்ப நாங்க சொன்னா?”

“நீங்க சொல்லித்தான் நான் வந்திருக்கேன்.”

அதற்குச் சிரித்தாள். கிணறு ஆழம். அவளே வாளியை விட்டாள். தண்ணீரின் மேலே வாளியை மூன்று தட்டு தட்டி, பிறகு உள்ளே அமிழ்த்தி இழுத்தாள். என் பாட்டிலை வாங்கிக் கழுவினாள். வாய் வரை ரொப்பி, வழிய வழிய ஊற்றினாள். நான் கொஞ்சம் கொட்டச் சொன்னேன். “கொறைய ஊத்திக் குடுத்தா நாளைக்கு ஆரும் எங்க வூட்டுத் தண்ணி கேக்க மாட்டாங்க” என்றாள். நானும் அந்தப் பக்கத்துப் பெண்தான். நானும் அப்படித்தான் தண்ணீர் மோந்து வளர்ந்தவள். படித்த விதியெல்லாம் அந்த நேரம் மறந்துபோனது. மேலே கொஞ்சம் சாய்த்துக் கொட்டிவிட்டு, அமிலம் விட்டு, கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு மேடம் ஆலைக்குப் போயிருந்தார். நானே பிரித்து, நானே மெஷினில் வைத்தேன். பேனா சும்மா அசைந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட வரவில்லை. மத்தியானம் ஆர்.ஐ. அலுவலகத்திலிருந்து போன். “ரிசல்ட் வந்துட்டுதாங்க?”

நான் சொன்னேன்: “பெருசா ஒண்ணும் இல்லீங்க.”

இதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு. கையெழுத்து இல்லாத பேச்சு. சாயங்காலத்துக்குள் அது கேம்புக்குப் போய், கேம்பிலிருந்து காலனிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பச்சையம்மா வந்து இறங்கினாள். கையில் தூக்குச்சட்டி. நேராக என் மேசைக்கு வந்து சட்டியைத் திறந்து வைத்தாள். சோறு.

“நேத்து அந்தத் தண்ணில ஆக்குன சோறு. ஒண்ணும் இல்லன்னு சொன்னியாமே. துன்னு பாப்பம்.”

திறந்ததுமே மண்ணெண்ணெய் கடைக்குள் போன மாதிரி நாற்றம். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

“இன்னா, துன்ன மாட்டியா? எங்க புள்ளைங்க துன்னுதுங்க.”

பின்னால் மேடம் நின்றிருந்தார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லன்னு கையெழுத்து போட்டது யாரு?”

“யாரும் போடலைங்க மேடம்.”

“அப்ப சொன்னது யாரு?”

நான் தலையைக் குனிந்தேன். அவர் மேற்கொண்டு திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். “எப்படி மோந்து குடுத்த, செஞ்சி காட்டு” என்று பச்சையம்மாவிடம் ஒரு குவளையைக் கொடுத்தார்.

பச்சையம்மா குவளையின் அடியால் தண்ணீரை மூன்று தட்டு தட்டி, அமிழ்த்தினாள்.

“அது எதுக்குத் தட்டற?”

“மேல மெதக்கறத ஒதுக்கறதுக்கு மேடம். தட்டுனா ஓரமாப் போயிடும். அப்பால அடித் தண்ணிய மோந்துக்கலாம். வந்தவங்களுக்கு அழுக்குத் தண்ணியா குடுக்கறது?”

“இன்னா மெதக்குது மேல?”

“அதாம் மேடம், அந்த நாத்தம் புடிச்சது. வெயில்ல பாத்தா கலர் கலரா இருக்குது.”

மேடம் என்னைப் பார்த்தார். “அத எடுக்கத்தான் நான் உன்கிட்ட பாட்டில் குடுத்து அனுப்பிச்சேன்.”

அவள் செய்தது மரியாதை. நான் செய்தது வேலையில் தப்பு. இருக்கிறதிலேயே சுத்தமான தண்ணீரைத் தேடியெடுத்து, அதையும் வாளிச் சுவரில் தேய்த்து, வழியவிட்டு, மிச்சத்தை அளந்து ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மெஷின் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததற்குத்தான் பதில் சொன்னது.

பச்சையம்மாவுடனேயே பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் நெருங்கும்போது அவளே, “வாந்தி வர்ற மாரி மூஞ்சிய வெச்சிக்காத. சோத்த நான் துன்னச் சொன்னது கோவத்துல” என்றாள்.

ராத்திரி யாரும் வாளி விடாமல் அவள் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும், கிணறு அசையாமல் இருக்கும்போது, இரும்புக் கூண்டில் பாட்டிலை வைத்துக் கயிற்றில் இறக்கினேன். வாளி இல்லை, குவளை இல்லை. பாட்டில் வாய் தண்ணீர் மட்டத்தில் பாதி முழுகும்படி பிடித்தேன். கழுத்துக்குக் கீழே வந்ததும் தூக்கினேன். அமிலம், கோடு, மூடி. மூன்று பாட்டில். ஒன்று கிணற்றின் நடுவில், இரண்டு ஓரத்தில். ரம்பத்தூள் போட்ட பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர், “இன்னாம்மா அது, மலைச் சரக்கா?” என்றார். “மோந்து பாருங்க” என்று மூடி அருகே காட்டினேன். “அய்ய, டீசலு. பஸ்ஸுக்கு ஊத்தலாம்” என்று போய்விட்டார். இந்த வழக்கில் முதல் சரியான அறிக்கை அவருடையதுதான்.

மேடமே மெஷினில் வைத்தார். பேனா தாளின் பாதிக்கும் கீழே இறங்கியது. மூன்று பாட்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தின. லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராமை ஒட்டி. மேடம் கோடு போட்டார். நான் கோடு போட்டேன். இரண்டு பேருடையதும் ஒத்துப்போன பிறகுதான் எழுதினார்.

ஆனால் அதோடு முடியவில்லை. சூப்பர்வைசர் நல்ல கெட்டிக்காரர். ஆர்.ஐ.யையும் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்தார்.

“எண்ணெய் இருக்குதுன்னு சொல்றீங்க. சரிங்க. எந்த எண்ணெய்? சனிக்கிழமையானா அந்தச் சனம் பூரா எண்ணெய் தேச்சிக்கினு கெணத்துல எறங்குது. தேச்சது அங்கதான மெதக்கும்? அதுக்கு எங்க தொட்டிய ஏன் தோண்டணும்?”

ஆர்.ஐ. மேடத்தைப் பார்த்தார். “அப்படியும் இருக்கலாமா மேடம்?”

“இருக்கலாம்,” என்றார் மேடம். எனக்குப் பக்கென்றது. “பாத்துடலாம். உங்க டீசல் கொஞ்சம் வேணும். நீங்களே எடுத்து வாங்க. நான் ஆள அனுப்பினா வேற டீசல்னு சொல்வீங்க.”

மறுநாள் சூப்பர்வைசர் தம் கையாலேயே ஒரு பாட்டிலில் டீசல் கொண்டுவந்தார். தேங்காய் எண்ணெய் பக்கத்துக் கடையில் ஆர்.ஐ.யே வாங்கினார். மேடம் மூன்று கண்ணாடிக் குடுவை வைத்தார். ஒன்றில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றில் டீசல் ஒரு சொட்டு, மூன்றாவதில் கிணற்றிலிருந்து பிரித்தது. எல்லாம் கார்பன் டெட்ராவில். மூன்றையும் மெஷினில் வைத்தார். மூன்றிலும் பள்ளம்.

சூப்பர்வைசர் கையை விரித்தார். “பாத்தீங்களா, எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒரு நிமிஷம் உக்காருங்க.”

சிலிக்கா ஜெல் என்று ஒரு வெள்ளைத் தூள். அடுப்பில் காயவைத்துத் தயாராக வைத்திருப்போம். செடியிலிருந்தும் விலங்கிலிருந்தும் வருகிற எண்ணெயை அது பிடித்துவைத்துக்கொள்ளும். பூமிக்குள்ளிருந்து வருகிற எண்ணெயைப் பிடிக்காது, விட்டுவிடும். மூன்று குடுவையிலும் ஒரே அளவு தூளைப் போட்டு, என்னைக் கலக்கச் சொன்னார். கலக்கி வடித்துக் கொடுத்தேன். எந்தக் குடுவை எது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். என் கையால்தான் ஒரு முறை தப்பு வந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் முதலில். பேனா நேர்கோடு போட்டுக்கொண்டே போனது. பள்ளம் காணோம்.

டீசல். பள்ளம் அப்படியே இருந்தது.

கிணறு. பேனா இறங்கியது, இறங்கியது, முன்பு போட்ட பள்ளத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. அந்த ஒரு நூல் மட்டும்தான் காலனியின் குளியல் எண்ணெய். மிச்சமெல்லாம் சூப்பர்வைசர் கொண்டுவந்த பாட்டிலின் சாதி.

மேடம் மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஆர்.ஐ.யிடம் காட்டினார். டீசலின் கோடும் கிணற்றின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

“இதுல அவங்க குளிச்ச எண்ணெய் இவ்ளோ. நீங்க ஒழுகவிட்டது இவ்ளோ. கையெழுத்து போடட்டுமா?”

தொட்டியைத் தோண்டினார்கள். அடித்தகட்டின் ஒட்டு துருப்பிடித்துப் பிளந்திருந்தது. லாரியில் தண்ணீர் வந்தது. கிணற்றை இறைத்தார்கள், தூர் வாரினார்கள், மறுபடி இறைத்தார்கள். இரண்டு மழை கழிந்து நான் மாதம் ஒரு முறை எடுத்த பாட்டிலில் பேனா அசையாமல் போன பிறகுதான் மேடம் குடிக்கலாம் என்று எழுதினார். அந்த மாதங்களில் யாராவது போனில் ரிசல்ட் கேட்டால் நான், “கையெழுத்து ஆவலைங்க” என்று வைத்துவிடுவேன்.

சில வருடம் கழித்து கார்பன் டெட்ராவை நிறுத்தினார்கள். சரிதான். அது ஈரலைத் தின்கிற விஷம். ஓசோனையும் கெடுக்கிறது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. ஆனால் அதை நிறுத்தியபோது மெஷினையும் ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் என் சண்டை. உலர்சலவைக்காரர்கள் வைத்திருக்கும் டெட்ராகுளோரோ எத்திலீனைச் சுத்தம் செய்து அதே மெஷினில் பார்க்கலாம். ஓய்வு பெறுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். பத்தாவது படித்தவள் எழுதியது என்று கோப்பிலேயே கிடக்கிறது.

இப்போது நீங்கள் செய்வது எடை முறை. ஹெக்ஸேனில் எண்ணெயை இழுத்து, தட்டில் ஊற்றி, வெந்நீர்மேல் வைத்து ஹெக்ஸேனை விரட்டிவிட்டு, தட்டில் மிஞ்சியதை எடை போடுகிறீர்கள். ஆலைக் கிரீஸுக்கு அது நல்ல முறை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. டீசலுக்கு? ஹெக்ஸேனோடு சேர்ந்து டீசலில் பெரும்பகுதியும் ஆவியாகிப் போய்விடும். லேசான எண்ணெய்கள் இதில் தவறிப்போகும் என்று அந்த முறையை விளக்கும் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அது மட்டுமா? லிட்டருக்கு நாலைந்து மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அந்தத் தராசுக்கு எதுவும் தெரியாது. குடிக்கிற தண்ணீரில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆகாது.

போன மாதம் பச்சையம்மா போன் செய்தாள். “அஞ்சல, லாரி நின்னுடுச்சு. எண்ணெய் இல்லன்னு எழுதிட்டாங்களாம். திரும்பவும் கலர் கலரா மெதக்குது.”

“தண்ணி எடுக்க வந்தவங்க எதுல எடுத்தாங்க?”

“ரெண்டு பசங்க பைக்ல வந்தானுங்க. கூல்ட்ரிங்ஸ் பாட்டிலு. எங்க மருமவள மோந்து குடுக்கச் சொன்னானுங்க. நல்லா ஒதுக்கித்தான் குடுத்துச்சு.” பிறகு அவளே சொன்னாள்: “நான் வயலுக்குப் போயிட்டேன். இருந்திருந்தா ஒதுக்க வுட்டிருக்க மாட்டேன்.”

நான் உங்களைப் பார்க்க வந்தேன். மறந்திருக்க மாட்டீர்கள். நாற்காலி போடச் சொன்னீர்கள், டீ சொன்னீர்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

“தட்ட எவ்ளோ நேரம் வெந்நீர்ல வெச்சீங்க சார்?”

“காயற வரைக்கும்மா.”

“அப்புறம்?”

“ஓவன்ல ஒரு மணி நேரம். மெத்தட் படிதாம்மா செஞ்சோம்.”

“நல்ல தண்ணில தெரிஞ்ச அளவு டீசல் ஊத்தி, இதே மாரி செஞ்சி, எவ்ளோ திரும்பி வருதுன்னு பாத்தீங்களா?”

“அதுக்கெல்லாம் எங்கம்மா டைம் இருக்குது? ஒரு நாளைக்கு எத்தினி சாம்பிள் வருது தெரியுமா? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. வூட்ல நிம்மதியா இருங்க.”

நான் நிம்மதியாக இருப்பதற்கும் அந்தக் காலனியில் ஒரு பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் குடிப்பதற்கும் உங்கள் கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நான் ஒரு முறை வாய்தவறி “ஒண்ணும் இல்ல” என்றேன். ஒரே நாளில் சோற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். நான் திரும்பப் போய்த் திரும்ப எடுத்தேன். எனக்கு அது அவமானம்தான். அதை இங்கே எல்லோரும் படிக்க எழுதிவிட்டேன். உங்களால் முடியாதா?

எனக்குக் கடிதம் போட வேண்டாம். டீ வேண்டாம். அடுத்த கிராமசபைக் கூட்டம் அந்தக் காலனி இருக்கும் ஊராட்சியில் நடக்கும்போது வாருங்கள். மைக்கைப் பிடித்து அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். தண்ணீரை எந்த பாட்டிலில் எடுத்தீர்கள்? யார் மோந்து கொடுத்தது? தட்டு வெந்நீர்மேல் எத்தனை மணி நேரம் இருந்தது? அந்தத் தட்டில் டீசலை ஊற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. தெரியாததை ‘இல்லை’ என்று எழுதியதுதான் கேவலம். ‘கண்டறியப்படவில்லை’ என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதே இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மறுநாள் காலை லாரி வர வேண்டும். வருகிறீர்களா, இல்லையா?